கமலாவின் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று கொட்டேஷன்

மெல்பர்னில் பல் மருத்துவரிடம் போனால் முதலில் வலியைப் பற்றிக் கேட்பதில்லை. வலது கன்னம் வீங்கி, தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு நின்ற என் மனைவி கமலாவிடம் வரவேற்பறைப் பெண், "உங்கள் புன்னகை உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டாள்.

"என்னங்க கேக்குறா?"

"நீ சிரிக்கிறது உனக்குப் புடிச்சிருக்கான்னு."

"ரொம்ப முக்கியம். பல்லு தெறிக்குதுன்னு சொல்லுங்க."

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பல்லைக் காப்பாற்றலாம், ரூட் கெனால் செய்து மேலே மூடி போட வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகையில் எனக்கே பல் கூசியது. இந்நாட்டின் இலவச மருத்துவம் உதட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு உள்ளே இருப்பது அவரவர் பாடு. இங்கேயே வேலை பார்க்கும் எங்கள் மகள் பணம் கட்டக் கார்டை எடுத்தாள். நான் தடுத்தேன். நிலச் சீர்திருத்தத் தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு மர நாற்காலிகூட வாங்கியதில்லை.

"அம்மா பல்லு என்னப்பா, ஆபீஸ் பீரோவா?"

"பீரோவாவது திருப்பிக் கொடுக்கலாம்மா."

வீக்கத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாள் வேறொரு தெருவில், வேறு பெயர், வேறு நிறப் பலகையுடன் இருந்த இடத்துக்குப் போனோம். கமலா வாயைத் திறக்கும் முன்பே முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே அங்கே திரையில் இருந்தது. அதே சிகிச்சை, சல்லிக்காசு மாறாத அதே தொகை. மூன்றாவது இடத்திலும் அதே திரை, அதே கணக்கு. இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

நில உச்சவரம்பு அமலான காலத்தில் நீடாமங்கலம் பக்கம் விசாரணைக்குப் போனேன். வரப்பெல்லாம் செங்கொடி, சென்னையில் புது ஆட்சி, தாலுகா கச்சேரி வாசலில் தினமும் கோஷம். ஒரு பண்ணையில் வரம்புக்கு மேல் ஒரு குழி நிலம்கூட இல்லை என்று பத்திரங்கள் சொல்லின. சமையல்காரர் பெயரில் நல்ல நஞ்சை இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உங்க பேர்ல நெலம் இருக்கே, தெரியுமா?"

"இருக்குங்களா? எந்தப் பக்கம்னு ஐயாவைத்தாங்க கேக்கணும்."

கணக்குப்பிள்ளை, வண்டிக்காரர் என்று பெயர்கள்தான் வேறு. எல்லாப் பத்திரமும் ஒரே எழுத்தர் கை. பினாமி என்று எழுதி அனுப்பினேன். வழக்கு கோர்ட்டுக்குப் போய் என் ஓய்வையும் தாண்டி ஓடியது. ஒன்று சொல்ல வேண்டும்: பண்ணையார் சாகும்வரை அந்த நிலம் தன்னுடையதில்லை என்றே சாதித்தார். அந்த அளவுக்காவது வெட்கம் இருந்தது.

அந்த நினைப்பில், விசாரணைக் குரலில், மூன்றாவது இடத்துப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்: "மூன்றுக்கும் ஒரே முதலாளியா?"

அவள் முகம் மலர்ந்தது. "ஆமாம், நாங்கள் ஒரே குடும்பம்! பலகையின் அடியிலேயே போட்டிருக்கிறோமே." எறும்பு அளவு எழுத்தில் இருக்கத்தான் இருந்தது. திருடனைப் பிடிக்கப் போனேன். அவன் விசிட்டிங் கார்டு கொடுத்தான்.

காரில் கமலா வாயைப் பாதி திறந்து சொன்னாள்: "மூணு கொட்டேஷனும் ஒரே ஆளுகிட்ட வாங்கியிருக்கீங்க. ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

மகள் பலமாகச் சிரித்தாள்.

கடைசியில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு வயதான மருத்துவர் கிடைத்தார். ரூட் கெனாலுக்குக் குறைவாகக் கேட்டார். மூடி வெளியே லேபில் செய்து வருவது, அதில் குறைக்க முடியாது என்றார். கமலா தீர்ப்பு சொன்னாள்: "வலியை மட்டும் இங்க எடுக்கச் சொல்லுங்க. மூடிய நம்ம ஊர்ல போட்டுக்கறேன்." அவர் ரூட் கெனாலை முடித்து, பல்லைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு எச்சரித்தார்: அதிகம் தள்ளிப்போடாதீர்கள்; கடினமாக எதையாவது கடித்தால் பல் பிளக்கும், பிறகு பிடுங்குவதுதான்.

அன்றே எங்கள் ஊர்ப்பக்கம் திருத்துறைப்பூண்டியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போன் செய்து, ரூட் கெனால் முடிந்த பல்லுக்கு மூடி போட வேண்டும் என்றேன். அங்கிருந்த பெண்ணின் முதல் கேள்வி: "உள்ளூருங்களா, ஃபாரினா சார்? ரெண்டுக்கும் ரேட் வேறங்க."

எந்தக் கேள்விக்கு எந்த விதி என்று அறிந்த நான் இதற்கான விதியைத் தேடினேன். கமலா போனைப் பிடுங்கினாள். "நான் நீடாமங்கலம்மா. பல்லும் அங்க மொளச்சதுதான்."

"ரூட் கெனால் எங்க மேடம் பண்ணீங்க?"

"மெல்பர்ன்ல."

"அப்ப ஃபாரின்தாங்க."

டிக்கெட் பொங்கலுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதுவரை கமலா இடப்பக்கமாகவே மெல்கிறாள். தவறி ஒரு பருக்கை வலப்பக்கம் போனால் மெல்லுவதை நிறுத்தி, கண்ணை மூடி, நாக்கால் அதைத் தள்ளிவிடுகிறாள். அந்தப் பாதி வாய் மட்டும், எந்த ஊரிலும் சேர்த்தியில்லாமல், காலியாகக் காத்திருக்கிறது.