அவர் வீட்டுச் சுவர்

வேங்கிக்காலில் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு. ஓரிடத்தில் நிற்காமல், எனக்கு முன்னால் ஓடி ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடிக் காட்டிக்கொண்டே இருந்தார். சமையலறையில் அவர் மனைவி எனக்குக் காபி கலந்துகொண்டிருந்தார்.

“இந்தச் சுவரை இடிச்சிட்டா ஹால் பெருசாயிடும்” என்றேன்.

ஸ்பூன் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தார்.

“வாங்கினப்புறம் எதை வேணா இடிச்சுக்குங்க சார். அவ காதுல விழற மாதிரி சொல்லாதீங்க.”

கூசிப்போய் மன்னிப்புக் கேட்டேன். கேட் வரை வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அதை இடிக்கலாம்னு நானும் இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன். அவதான் விடல.”

அந்த வீட்டை நான் வாங்கவில்லை. இப்போதெல்லாம் வீடு பார்க்கப் போனால் தெருவுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன். அன்று அவர் யார் பக்கம் நின்றார் என்பதுதான் இன்னும் புரியவில்லை.