ஆப்ப வாசம் அடித்த பிரெஞ்சு பாட்டில்

டப்!

தக்கை பறந்துபோய்த் தகரக் கூரையில் மோதி, அங்கிருந்து நேராகக் கோழிக்கூண்டில் விழுந்தது. கோழிகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி வெளியே ஓடி வந்துவிட்டார். எங்களுக்கோ சிரிப்பு தாங்கவில்லை...

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் ஈப்போ பக்கம், பத்து காஜா ஊரில் என் தோழி பிலோமினா வீட்டுப் பின்பக்கம். நானும் பிலோவும் ஜெலாப்பாங்கில் ஒரே ஃபேக்டரியில் வேலை. எங்கள் சூப்பர்வைசர் அருளுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

கல்யாணத்தன்று மாதா கோயில் முடிந்து ஹாலில் கேக் வெட்டியதும், ஆளுக்கொரு கிளாஸ் நுரை பொங்கும் வைன் கொடுத்து டோஸ்ட் சொல்ல வேண்டும். பிலோவுக்கு அது சின்ன வயசு ஆசை. ஏதோ பத்திரிகைப் படத்தில் பார்த்தாளாம்.

குறுக்கே நின்றவர் அவள் அப்பா, எனக்கு அங்கிள். ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்து பால் வெட்டுக்காரர்களை வேலை வாங்கியவர். சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடந்தவர்களைத் தூக்கித் தூக்கியே குடியையே வெறுத்துப் போனவர்.

"மூணு பாட்டில் வாங்கிட்டு வாங்க. நான் மோந்து பாப்பேன். ஒண்ணுல கள்ளு வாசம் அடிச்சாலும் ஹால்ல ஆரஞ்சு கிரஷ்தான். சொல்லிப்புட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள் மூன்று பாட்டிலோடு வந்தான். ஆஸ்திரேலியா, இத்தாலி, பிரெஞ்சு.

குளிர வைக்க? அங்கிளின் பழைய பால் வாளி! ரப்பர் பால் சுமந்த அதே வாளியைத் தேய்த்துக் கழுவி, நிறைய ஐஸ் போட்டோம். கிளாஸ்? காப்பி கிளாஸ்தான். தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறிப் பிரட்டல். எவ்வளவு கொழுப்பு பாருங்கள் எங்களுக்கு!

ஆஸ்திரேலியா ஒரே புளிப்பு. கறியோடு குடித்ததும் நாக்கில் காரம் இன்னும் ஏறி எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இத்தாலி நல்ல இனிப்பு... "இதுதான் லா! இதையே வாங்கு!" என்று குதித்தேன். அங்கிள் இரண்டையும் முகர்ந்து "ம்" என்றார். பிலோ என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பிரெஞ்சு. கோழிக்கூண்டுக்குப் போன தக்கை இதனுடையதுதான். ஊற்றியதுமே மூக்கில் ஏறியது... அட கடவுளே! சாட்சாத் கள்ளு வாசம். லகாட்டில் கள்ளுக்கடைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

"அங்கிள், இது வேணாம் அங்கிள், சரியா குளிரல" என்று கிளாஸைப் பிடுங்கப் பார்த்தேன். விடவில்லை. முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"கள்ளு."

போச்சு! பிலோ முகம் செத்துப்போனது. அருள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆனால் அங்கிள் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"கடைக் கள்ளு இல்லமா... எங்கம்மா கிறிஸ்மஸுக்கு ஆப்ப மாவுல ஊத்துமே, மரத்துலேர்ந்து அப்பதான் எறக்குன கள்ளு. விடியறப்ப மாவு பொங்கி நிக்கும். வீடெல்லாம் இந்த வாசந்தான்."

ஒரே மடக்கு. பெரிய ஏப்பம். காலி கிளாஸை நீட்டினார்.

"என்னா பாக்குறீங்க? ஊத்துங்க லா!"

நாங்கள் கத்திய கத்தலில் கோழிகள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டன...

கல்யாணத்தில் எல்லா மேசைக்கும் இத்தாலி. அங்கிளுக்கு மட்டும் ஒரு பிரெஞ்சு. சீனர் விருந்தில் 'யாம் செங்' என்று கத்திக் குடிப்பதுபோல கிளாஸைத் தூக்கி "யாஆஆஆம்..." என்று அவர் இழுத்த இழுப்பில் ஃபாதரே மிரண்டுவிட்டார். "செங்!" என்று ஹாலே கத்தியது. பிலோ அழுதாள், சிரித்தாள், மூக்கில் நுரை ஏறி இருமினாள்.

போன வாரம் ஈப்போவில் பிலோவின் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒல்லியான கிளாஸ், பளபளக்கும் ஐஸ் வாளி, அதில் ஒரு பிரெஞ்சு பாட்டில். சத்தமே வராமல் தக்கையைத் திறக்கிறார்கள் இப்போது. அந்தத் தோட்டமும் இல்லை, அங்கிளும் இல்லை...

"ஆண்ட்டி, இதுல பிரட் வாசம் வருமாம், போன்ல போட்டிருக்கு" என்றாள் மகள்.

பிலோ முகர்ந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"பிரட் இல்லமா... ஆப்பம்."

சட்டென்று எழுந்து கிளாஸைத் தூக்கினாள். அறுபது தாண்டிய தொண்டையில் அப்படியே அவள் அப்பா.

"யாஆஆஆம்..."

"செங்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

கோழிகள்தான் இல்லை.