மோகன்ராஜின் பனிப்புகை

பீர்க்கன்கரணை மோகன்ராஜுக்கு எதிலும் புகை வர வேண்டும். கல்யாண மண்டபங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்துவரும்போது காலடியில் பனிப்புகை கிளப்பியே பிழைத்த மனுஷன். பந்தியைவிடத் தன் புகையைத்தான் ஜனங்கள் பேசிக்கொண்டு போவார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறார். நம்பட்டும், யார் வேண்டாம் என்றது?

சின்னத் தகட்டை அதிரவைத்துத் தண்ணீரைப் பனியாக்க அவருக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். பெருங்களத்தூரில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துத் திசு வளர்ப்புக் கூடம் நடத்துகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வலைத்தட்டில் ஆந்தூரியம் பூச்செடிக் கன்றுகள். காதுக்குக் கேட்காத அதிர்வில் சத்துநீர் பனியாகி அவற்றின்மேல் படியும். கொஞ்ச நேரம் பனி, நெடுநேரம் ஓய்வு. ஓய்வில்லாவிட்டால் கன்று நீர்கோத்துக் கெட்டுவிடும். ஓசூர் நர்சரிக்கு ஒப்புக்கொண்ட என் முதல் ஆர்டர் அது. தவறினால் கூடத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

பெட்டியைச் செய்துகொடுத்த அன்றே முகத்தைச் சுளித்தார்.

"இன்னா மெஹ்ரீன் மேடம், கொஞ்சம் பொகை வுடுது, அப்பால கம்முனு கீது. பாக்குறவன் இன்னா நெனைப்பான்?"

"செடி பிழைச்சா போதும்ணா. டைமர்ல மட்டும் கை வெக்காதீங்க."

தலையை ஆட்டினார். அந்தத் தலை எதற்குத்தான் ஆடாது!

தங்கை நிக்காஹுக்காக ஒரு வாரம் ஆம்பூர் போனபோது கூடத்துச் சாவியை அவரிடம் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கேளம்பாக்கத்திலிருந்து ஐ.டி. கம்பெனிக்காரர்கள் தங்கள் வரவேற்பறை அலங்காரத்துக்காகப் பெட்டியைப் பார்க்க வருகிறார்கள் என்று டைமரையே கழற்றி வைத்துவிட்டார் மகராசன். வாரம் முழுக்க விடாமல் பனி. போதாதென்று நீல விளக்கு வேறு.

திரும்பி வந்து பார்த்தேன். இலையெல்லாம் தடித்து, கண்ணாடிபோல் பளபளத்தது. தொட்டால் நசுங்கியது. ஒரு கன்றுகூடத் தேறாது.

"இன்னா மினுமினுப்பு பாத்தீங்களா மேடம்! வந்தவங்க அசந்துட்டாங்க."

"எல்லாம் செத்துப்போச்சுண்ணா!" என்று கத்தினேன்.

பெட்டியை உற்றுப் பார்த்தார். "அப்டியா? அவங்க செடியப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே," என்றார். "பத்து பொட்டிக்கு ஆர்டர் குட்த்துக்கிறாங்க."

அதே நேரம் ஓசூர் நர்சரிக்காரர் போனில் அழைத்தார். எடுக்கத் தைரியமில்லாமல் நின்றேன்.

"நான் எடுத்த வீடியோவ அவருக்கு அனுப்பி வுடுங்க மேடம்," என்று யோசனை சொன்னார் மோகன்ராஜ். "மனுசன் மயங்கிடுவாரு."