நடுவில் நின்றவள்

பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை என்னவோ சின்னதுதான் என்று அக்கம்பக்கம் சொல்லும். அவளுடைய அம்மா செத்த அன்று, எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று ரிப்பேர் பார்க்கப் போனவர் சாவுக்கு வந்து சேரவில்லை. "லிஃப்ட்டையே கட்டிக்கிட்டு அழுங்க, இனிமே எங்கிட்ட பேசாதீங்க" என்றாள். சரி என்று விட்டுவிட்டார் மனுஷன். சமாதானம் செய்ய வரட்டும் என்று இவளும், கோபம் தணியட்டும் என்று அவரும் இருந்ததில் வாரம் மாதமாகி, மாதம் வருஷமாகிவிட்டது. சின்னதாம், சின்னது. பட்டவளுக்கல்லவா தெரியும்.

ஆனால் குடித்தனம் நடக்க வேண்டுமே. அதற்கு மகள் இருந்தாள். ஒன்பது வயதில் தொடங்கிய உத்தியோகம். "அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துபோச்சு." "அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு வந்துடும்னு." சமையலறைக்கும் கூடத்துக்கும் நாலடி தூரம், இருந்தும் சேதி அவள் வழியாகத்தான் போகும். மாடிவீட்டுக்காரி அவளுக்குத் தபால்காரி என்றே பேர் வைத்துவிட்டாள்.

அம்மாக்காரிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்க நின்றபடி சூடான இஸ்திரி உருளைகளுக்குள் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் கால் இரண்டும் மரக்கட்டை. செருப்பைக் கழற்றி உட்காருவதற்குள் மகள் வந்து நிற்பாள்.

"கால் வலி எப்படி இருக்குன்னு அப்பா கேக்கறார்."

"இன்னும் போய்ச் சேரலன்னு சொல்லு" என்பாள் வெடுக்கென்று. சொன்னாலும், அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் மூன்று மாடி படியேறி வந்தாள். ஆளுக்குப் பேசத்தான் தெரியவில்லை, மனசில் ஈரம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

மகள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். நல்ல பையன்தான், வேலைதான் ரயிலில் ஒரு பகல் ஓர் இரவு தூரத்தில். "எனக்கு இஷ்டமில்லைன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றாள் அம்மா. தூரம் என்று காரணம் சொன்னாள். நிஜக் காரணத்தை வெளியே சொல்லவில்லை: இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும். மகள் கூடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "அப்பா முடிவு பண்ணிட்டாராம்மா. மாத்த மாட்டாராம்." அவரே முடிவு செய்தபின் இவள் என்ன செய்ய? தன் பங்குக்கு ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவருடைய அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். டீ ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"உன் பிடிவாதம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதுக்காக இருக்கற ஒரே பொண்ண அவ்வளவு தூரத்துல தள்ளணுமா? தம்பி போன்ல அழாத குறை. அவ முடிவு பண்ணிட்டா, அக்கா, என் பேச்சு எடுபடாதுங்கறான்."

"யாரு முடிவு பண்ணா?"

"நீதான். வேற யாரு?"

இவள் விருட்டென்று எழுந்தாள். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

மகள் மறைக்கவில்லை. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லுவாங்கல்ல. நான் ரெண்டுதான் சொன்னேன். அவருக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு."

"இப்பவே போய் அவர்கிட்ட சொல்றேன். எல்லாத்தையும் நிறுத்தறேன்."

"போய்ச் சொல்லு. பேசிடுவியா?"

மகள் ஒரு சட்டையை உதறினாள். "எனக்கு அலுத்துப்போச்சும்மா. நீ சொன்னத அப்படியே சொல்லியிருந்தா அவர் என்னிக்கோ கிளம்பிப் போயிருப்பார். அவர் சொன்னத அப்படியே சொல்லியிருந்தா நீ போயிருப்ப. நல்லதா நாலு வார்த்த நானா சேத்துச் சேத்து ரெண்டு பக்கமும் சொல்லிட்டிருக்கேன், ஒன்பது வயசுலேர்ந்து."

"கால் வலியக் கேட்டது?"

மகள் சட்டைக்குக் கிளிப் மாட்டினாள்.

அதுதான் வலித்தது. கல்யாணப் பொய்யைக்கூட மன்னித்துவிடலாம். பதினான்கு வருஷம் ஒருவர் கேட்கிறார் என்று நம்பிப் படியேறினாளே, கேட்டதெல்லாம் ஒரு குழந்தை. கோபம் வந்தது. அவர்மேலா, தன்மேலா, தெரியவில்லை. அந்தக் குழந்தையை நினைத்தபோது மட்டும் வெட்கமாக இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று நாத்தனாரிடம் சொல்லி முடித்துவிட்டாள். மகளை இன்னும் எத்தனை வருஷம் நடுவில் நிறுத்தி வைப்பது என்பதைச் சொல்லவில்லை.

கல்யாணம் நடந்தது. கையெழுத்து, சாப்பாடு, போட்டோ. "அம்மாவும் அப்பாவும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று போட்டோக்காரர் நாலு தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் மகளையும் மாப்பிள்ளையையும் ரயிலேற்றி, அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு, இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக வீடு வந்து சேர்ந்தார்கள்.

அவள் செருப்பைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. அவர் ஜன்னலோரம் நாற்காலியில், சட்டைகூட மாற்றாமல். சாகிறவரை இப்படித்தான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் வரவில்லை. அவ்வளவு அலுப்பு.

அவர் தொண்டையைச் செருமினார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"தினம் இந்நேரத்துக்குப் பாப்பாகிட்ட கேட்டு அனுப்புவியே. தோள்பட்டை வலி எப்படி இருக்குன்னு. இன்னிக்குக் கேக்கல."

அவருக்குத் தோளில் வலி என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். ஒரு நாளும் கேட்டு அனுப்பியதில்லை. நான் இல்லை, உங்க பொண்ணு கேட்டது, நீங்களும் என்னை ஒரு நாள் கேட்டதில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேன்" என்றாள். "இப்ப எப்படி இருக்கு?"