இருநூற்றுப் பதினான்கு மேடுகள்

1999 ஜூன் 17, வியாழக்கிழமை, மாலை நான்கு இருபது. தூறல். கூரியர்காரர் கொடுத்த உறை நனைந்து, பசை விட்டு, பாதி திறந்திருந்தது. தொம்மலூரில் எங்கள் மாடியில் குடியிருந்த பெண்ணுக்கு வந்தது. சேலத்துக்காரி; ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்று சொல்லியிருந்தாள். மீதிப் பாதியை நான் திறந்தேன்.

உள்ளே ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வரிசை வரிசையாக உருண்டை மேடுகள். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்துக்கு வரைபடம் வரைந்தவன் நான். எண்ணினேன்: 214. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். எங்கும் ஒரே இடைவெளி. குன்றுகள் தாமாக அப்படி நிற்காது. எல்லையில் சண்டை நடந்த மாதம் வேறு. வெடிமருந்துக் கிடங்குகள் என்று முடிவு கட்டினேன்.

அன்று மாலை அவள் கேட்டாள்; எதுவும் வரவில்லை என்றேன். மறுநாளும் இரண்டு முறை கேட்டாள். கட்டுரையோடு அந்தப் படத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம், சனிக்கிழமை கடைசி நாளாம்.

"அவளையே கேட்டுட்டா தீந்துச்சு" என்றாள் என் மனைவி. தப்புச் செய்கிறவள் ஒப்புக்கொள்வாளா என்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரிந்த போலீஸ்காரர் ஒருவரோடு மாடியேறினேன். அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"அந்துப்பூச்சியோட கண்ணு அங்கிள்."

கண்ணில் ஏது மேடு என்று கேட்டேன். சாதாரண லென்சில் தெரியாத அளவுக்குச் சின்னவையாம். அவை இருப்பதால் கண்ணில் விழும் வெளிச்சம் திரும்பி அடிக்காதாம். கண் மின்னாததால் பறவைக்குப் பூச்சி இருக்கும் இடம் தெரியாதாம். நான் நம்பவில்லை. முழுப் பூச்சி, தலை, கண், கண்ணின் ஒரு சில்லு என்று நான்கு படங்களை மேஜைமேல் வைத்தாள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக்கியது. ஐந்தாவது, என் கையில் இருந்தது.

"இத்தினி கிடங்கு கட்ட தொம்மலூர்ல ஏது சார் எடம்?" என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் இறங்கிப் போனார்.

"கவர் வரலைன்னு மூணு தடவ சொன்னீங்களே அங்கிள்" என்றாள் அவள். படத்தை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள். நேரத்துக்குக் கொடுத்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த வாரமே ஓர் அந்துப்பூச்சியைப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. மேடு ஒன்றுகூடத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் அவள் காலி செய்தாள். பத்து மாத அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கென்று பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். கை வரவில்லை, முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். மாடி நான்கு மாதம் காலியாகக் கிடந்தது. போன வாடகை 11,200, பெயிண்டும் கூலியும் 1,650. மொத்தம் பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.