ஞாயிறு, நாலு இருபத்தைந்து

பாத்திரப் பையோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தொண்ணூறு நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். இதுதான் என் தொழில். நான் சமைத்துக் காட்டி அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம் விற்பதாகப் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். சமையல் யாருக்கு வேண்டும்? பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடியிருக்கும் ஹாலில் நேரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. என் கையில் இருந்தால் பாத்திரம் விற்கும். அவர்கள் கையில் போனால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

வீட்டுக்கார அம்மா அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்திருப்பாள். சரியாக மூன்று மணிக்கு ஆரம்பிப்பேன். வராதவர்களுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருந்ததில்லை. மூன்று பத்துக்குக் கேக் மாவு அடுப்பில் ஏறும், ஓவன் இல்லாமல், சிறு தீயில். அடுத்து தண்ணீர் விடாத காலிஃப்ளவர், அதற்கடுத்து எண்ணெய் விடாத உருளைக்கிழங்கு. யார் கெஞ்சினாலும் கேக் மூடியைத் திறக்க மாட்டேன். வாசனை வரும், பசி வரும், அப்போதும் மாட்டேன். நாலேகாலுக்குக் கேக்கைத் தட்டில் கவிழ்ப்பேன். நாலு இருபதுக்கு ஒரு கையில் துண்டு கேக், மறு கையில் ஆர்டர் படிவம். நாலு இருபத்தைந்துக்குக் கையெழுத்து.

அந்த ஐந்து நிமிடத்தை எனக்குக் கொடுத்தது ராகு. கொல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழியும். ஞாயிறு என்றால் நாலரைக்கு ராகு காலம். ஊரிலிருந்து தருவித்த தேதி கிழிக்கும் காலண்டர் எல்லார் வீட்டிலும் தொங்கும், அதில் அச்சடித்தே இருக்கும். "நாலரைக்கு ராகு காலம் வந்துரும் மாமி, அதுக்கு முன்னாடி போட்டுட்டா நல்லது" என்று பேனாவை நீட்டினால் போதும். 'அவரைக் கேட்டுச் சொல்றேன்' என்கிற பேச்சு பாதித் தொண்டையிலேயே நின்றுவிடும்.

கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் இருக்கும் என் கணவர்தான் ஒரு நாள் போனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ கையெழுத்து வாங்குறது பூராவும் ராகு காலத்துலதான்" என்றார். காலண்டரில் போட்டிருப்பது ஆறு மணிக்குச் சூரியன் மறையும் ஊருக்கான கணக்கு. இங்கே மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மூன்றரைக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றேன். எனக்கு விற்பனை நன்றாக நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருத்தியைப் பழக்கச் சொல்லி கம்பெனியில் என்னிடம் அனுப்பினார்கள். கிடர்பூரில் இருந்தாள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷன் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து, அந்த வருடம் ஆவணி மழையில் காய்ச்சலில் போய்விட்டான். இருந்த வீடு ஆபீஸ் கொடுத்தது. தை மாதம் வரை இருந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் வேலை கிடைத்தால் சின்னதாக ஒரு வாடகை வீடு பிடித்து இங்கேயே தங்கலாம். இல்லாவிட்டால் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். பெண் பதினொன்றாம் வகுப்பு. தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள்.

"பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் இங்க இருந்துட்டாப் போதும்க்கா. அப்புறம் எங்கே வேணும்னாலும் போயிருவேன்" என்றாள் முதல் நாளே. எனக்கு யாராவது கஷ்டத்தைச் சொன்னால் உடனே எரிச்சல் வரும். "கஷ்டத்தை வீட்டுல வச்சுட்டு வா. பை கனமா இருக்கு" என்றேன்.

வேலை உறுதியாக மூன்று செய்முறைக் கூட்டங்களை அவளே நடத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் அன்றைக்கே ஐந்து படிவம் கையெழுத்தாக வேண்டும். நான் ஓரமாக உட்கார்ந்து மதிப்பீடு எழுத வேண்டும். தேறிவிட்டால் கிடர்பூர், கார்டன் ரீச் பக்கத்து விற்பனை முழுக்க அவளுக்கு. அதாவது என்னிடம் இருந்ததில் பாதி.

அவளுக்கு நேரம் என்றால் என்னவென்றே தெரியாது. நடுவில் யாராவது கேள்வி கேட்டால் "அதுக்குத்தான் வரேன்" என்று தாண்டிப் போக வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தேன். இவள் அடுப்பை விட்டுவிட்டு நின்று பதில் சொல்வாள். வங்காளத்துப் பெண்கள் கேட்பார்கள்: இதில் இலிஷ் மீன் வேகுமா, கடுகெண்ணெய் வாடை போகுமா? இவள் வங்காளியில் பதில் சொல்லி, நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று திருப்பியும் கேட்பாள். முதல் கூட்டம் இரண்டு மணி நேரம் இழுத்தது. ஏழு படிவம் வந்தது. இரண்டாவது கூட்டத்தில் கேக் அடிப்பிடித்தது. ஒன்பது. ஒன்பது படிவம் நான் வாங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. நாசூக்காகச் சொல்ல என்ன இருக்கிறது, பொறாமைதான்.

மூன்றாவது கூட்டம் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாதவ்பூரில் ஒரு மாமியின் ஃபிளாட்டில். மாமி வங்கி அதிகாரியின் மனைவி. முப்பது வருடமாக அந்தப் பக்கத்தில் இருக்கிறவர், அவர் வாங்கினால் மாடி முழுக்க வாங்கும். உள்ளே நுழையும்போதே சொல்லிவிட்டார். "நாலரைக்குள்ள எல்லாம் முடிஞ்சுடணும்டிம்மா. புதுப் பாத்திரம் பாரு, ராகு காலத்துல பேச்சே கூடாது."

"அதுக்கு முன்னாடியே முடிச்சிருவேன் மாமி" என்றாள் இவள். புதிதாக இஸ்திரி போட்ட காட்டன் புடவை, இடுப்பில் செருகிய என் டைமர். அதை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஆரம்பித்த பிறகு தொடவே இல்லை. காலிஃப்ளவர் வேகும்போது கீழ்வீட்டு வங்காளி அம்மா ஏதோ சொன்னாள், இவள் ஏதோ சொன்னாள், ஹாலே சிரித்தது. மாமியும் சிரித்தார். மாமி சிரித்து நான் பார்த்ததே இல்லை. மூன்று நாற்பத்தைந்து இருக்கும். கேக் இன்னும் அடுப்பில். அதற்குள் கீழ்வீட்டு அம்மா, "பௌதி, காகிதத்தை எடு, நான் ரெண்டு செட் எழுதுகிறேன்" என்றாள். அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். இன்னும் நாலு பேர் கை நீட்டினார்கள். மாமி கண்ணாடியைத் தேடினார். நான் இத்தனை வருடமாகக் கேக் வாசனையைக் காட்டிப் பசியேற்றி, ராகுவைக் கூட்டி வந்து பயம் காட்டி வாங்கிய கையெழுத்தை இவள் சும்மா பேசியே வாங்கப்போகிறாள், அதுவும் நாற்பது நிமிடம் முன்னதாக.

பால்கனிப் பக்கம் பார்த்தேன். வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது.

"மாமி, ஒண்ணு சொல்லலாமா? தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். "காலண்டர்ல போட்டிருக்கிறது நம்ம ஊரு நேரம். இங்க இப்பல்லாம் அஞ்சுக்கு முன்னாடியே அஸ்தமனம் ஆயிடுதே. அந்தக் கணக்குக்கு ராகு காலம் மூணரைக்கே வந்தாச்சு."

மாமி கண்ணாடியைக் கழற்றினார். போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். மகன் பார்த்துச் சொன்னான். மாமி பேனாவை மேசைமேல் வைத்தார். கீழ்வீட்டு அம்மா என்னவென்று கேட்க, மாமி அரைகுறை வங்காளியில் விளக்கினார். "ஓ, எங்கள் பார்பேலா மாதிரி" என்று அவளும் பேனாவை வைத்தாள். அவர்கள் பஞ்சாங்கத்திலும் ஆகாத வேளை உண்டே. மற்றவர்கள் கை தானாகவே மடிக்குப் போனது.

கேக் அன்றைக்குப் பார்த்து அற்புதமாக வந்தது. இடுப்பில் டைமர் அடித்ததும் இவள் கவிழ்த்தாள், ஒரு துணுக்கு ஒட்டவில்லை. எல்லாரும் இரண்டு துண்டு சாப்பிட்டார்கள். "நல்ல வேளை நீ சொன்னே. இருட்டினப்புறம் வேண்டாம், சனிக்கிழமை காலம்பற வந்தா எல்லாரும் போட்டுத் தரோம்" என்று மாமி எனக்கு மூன்றாவது துண்டு கொடுத்தார். நான் சாப்பிட்டேன்.

இவள் பாத்திரங்களைத் தேய்த்து, துடைத்து, பையில் வரிசையாக வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தனை பேர் நடுவில், நான் கையெழுத்து வாங்கும் நேரத்தைப் பற்றி அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் மாமி அப்புறம் என்னை வாசற்படி ஏற்றியிருக்க மாட்டார். அது அவளுக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து நானே போய் அந்தக் கையெழுத்துகளை வாங்கினேன். மாமி காபி கொடுத்தார். கீழ்வீட்டு அம்மா மட்டும், அந்தப் பெண் வரவில்லையா என்று இரண்டு தடவை கேட்டாள். ஊருக்குப் போகிறாள் என்றேன். தை பிறந்ததும் அவள் போகத்தான் போனாள், பெண்ணையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு. நான் வழியனுப்பப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஆனால் அந்த ஞாயிறு இன்னும் முடியவில்லை. மாமி வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பையை அவள்தான் தூக்கிக்கொண்டாள். நிறுத்தத்தில் நின்றதும் கேட்டாள்.

"சனிக்கிழமை நான் வந்து வாங்கிக்கிடட்டுமாக்கா? அவங்க தரேன்னுதானே சொன்னாங்க."

"அன்னைக்கே வாங்கணும்ங்கிறதுதான் ரூல்."

"நீங்க எழுதினா ஒத்துக்கிடுவாங்க."

"நான் எழுத மாட்டேன்."

பையைத் தோளிலிருந்து இறக்கி நிறுத்தத்துப் பெஞ்சில் வைத்தாள். பிறகு சண்டை போடும் குரல் ஏதும் இல்லாமல், சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். "போன மாசம் உங்ககூட நாலு ஞாயித்துக்கிழமை வந்தேன்லாக்கா. நீங்க எப்பவும் நாலு இருபத்தஞ்சுக்குத்தானே வாங்குனீங்க?"

"ஆமா."

"சரிக்கா" என்றாள்.

மதிப்பீட்டுத் தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினேன். நேரத்தைக் கையாளத் தெரியவில்லை. பயிற்சி பெறுபவரும் கீழே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. தாளையும் பேனாவையும் அவளிடம் நீட்டினேன்.

பேனாவை வாங்கிக்கொண்டு தயங்கினாள். "இப்ப ராகு காலம்லாக்கா. நாளைக்குக் காலையில போட்டுத் தரட்டுமா?"

"போடு" என்றேன். "இனிமே உனக்கு எந்த நேரமா இருந்தா என்ன?"

இதை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லித்தரவில்லை. தாலி இழந்து ஆறு மாதம் ஆகாதவளிடம், பஸ் நிறுத்தத்தில், வாயில் அவள் சுட்ட கேக்கின் இனிப்பு இருக்கும்போதே சொன்னேன்.

அவள் பையின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் 'நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு. இடுப்பிலிருந்து என் டைமரை எடுத்து முதலில் என்னிடம் கொடுத்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, என் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. அந்தக் கட்டத்தில் 4.25 என்று எழுதினாள்.