வாசலில் அறுந்த கயிறு

கயிற்றை அறுத்தவன் நான். டானியல் அல்ல. நான்!

பிள்ளைகளே, இதை எழுத்துக்கூட்டி வாசிக்க உங்களுக்கு நேரம் எடுக்கும். தமிழில் எழுதினால் வாசிக்காமலே விட்டுவிடுவீர்கள் என்ற கள்ளமும் என் மனத்தில் உண்டு. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நியூ லின் வீட்டிலிருந்து நான் வேலைக்குப் போகும் மலை முகாம் உங்களுக்குத் தெரியும். திருத்த வேலை, துப்புரவு, சமையலறை உதவி எல்லாம் என் கையில். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு யூத சபையினர் வார இறுதிக்கு அங்கே வந்து தங்கினார்கள். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும் வரை அவர்களுக்கு ஓய்வுநாள். அந்த நேரத்தில் வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கிப் போகக்கூடாது, கைக்குழந்தையைக்கூட. சக்கர நாற்காலியும் தள்ளக்கூடாது. ஆனால் முகாம் வளவைச் சுற்றி அறுபடாத ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் முழு வளவும் ஒரே வீடாகிவிடும்.

அதைக் கட்டியவர் டானியல். அவருடைய தாய் சக்கர நாற்காலியில் இருப்பவர். கம்பம் கம்பமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவர் போனதைக் கண்டேன்...

அவர் பார்த்து முடித்த பிறகு நான் வான் வண்டியை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போனேன். எதற்கு? சிகரெட்டுக்கு! விட்டுவிட்டேன் என்று உங்கள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்த அதே சிகரெட்டுக்கு. வண்டியின் கூரையில் ஏணி கட்டியிருந்தது நினைவில் இல்லை. திரும்பி வந்தபோதுதான் கண்டேன். வாசலுக்கு மேலே போன கயிற்றை ஏணி இழுத்து முடிச்சடியில் அறுத்திருந்தது.

பொழுதுபட இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் வேலை நேரத்தில் வெளியே போகாதே என்று மேலாளர் ஒருதரம் எச்சரித்திருந்தார். நான் என்ன செய்தேன்? அறுந்த நுனிகளை இரண்டு பக்கமும் செடிகளுக்குள் செருகினேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

டானியல் சமையலறை வாசலுக்கு வந்து ஆங்கிலத்தில் கேட்டார்.

“நான் பார்த்த பிறகு வாசலால ஒரு வாகனமும் போகேல்லைத்தானே?”

“இல்லை,” என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல்.

மறுநாள் சரளைக்கல் பாதையால் தாயைத் தள்ளிக்கொண்டு அவர் தொழுகைக்குப் போனார். பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்தார்கள். அந்தத் தாய் வெயிலுக்கு முகத்தைக் காட்டிச் சிரித்தார். பார், நீ வாய் திறந்திருந்தால் இவர் அறைக்குள் அல்லவா கிடந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான இரக்கம்!

ஞாயிறு காலை, கயிற்றைச் சுற்றி எடுக்கப் போன டானியல் அறுந்த நுனியோடு வந்தார். நான் தேநீர்க் கோப்பைகளோடு நின்றேன். பிழை தன்னுடையது, முடிச்சைச் சரியாகப் போடவில்லை என்று எல்லோர் முன்னும் சொன்னார். காலில் போடும் சப்பாத்துக்காவது ஒழுங்காக முடிச்சுப் போடுவாயா என்று ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

தாய் மெதுவாகச் சொன்னார்: “என்னை அறையிலயே விட்டிருக்கலாமே, மகன். சின்ன வயசில இருந்து நான் இதை மீறினதில்லை.”

என் இரக்கம் அங்கேயே செத்தது.

டானியல் என்னைக் காட்டினார். “இவரிட்டக் கேட்டனான். வாகனம் ஒண்டும் போகேல்லையாம். அப்ப பிழை என்ர முடிச்சிலதான்.”

என் பொய்யே அவருக்கு எதிரான சாட்சி! கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... கோப்பை கழுவினேன்.

அதன் பின்பும் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். கயிறு கட்டுவது வேறொருவர். டானியல் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டபடி பார்த்து நிற்கிறார். கயிறு சரியாக இருக்கிறதென்று யார் சொன்னாலும் தாய் ஓய்வுநாளில் அறையை விட்டு வருவதில்லை. சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பவன் நான்.

போன கிழமை, கவின், பொய் சொன்னதற்காக உன்னை ஏசினேன். “நீங்கள் பொய்யே சொன்னதில்லையா அப்பா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாய். இல்லை என்றேன்.

அதே சொல்.

இந்த வெள்ளி அவர்கள் திரும்ப வருகிறார்கள். நான் தட்டோடு போவேன். வெளியில் வெயிலா என்று அந்தத் தாய் வழக்கம்போலக் கேட்பார். ஓம் என்பேன். அது ஒன்றுதான் அவருக்கு நான் சொல்லப்போகும் உண்மை...